கோபித்துக்கொள்ளும் உரிமை

சண்டை பிடிக்கிற வீடு லேசில் பிரிவதில்லை. கல்முனைக்குடியில் தலை நரைத்த ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற ஒரே தகுதிக்காகக் குடும்பப் பிணக்குகளில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். காதி நீதிமன்றத்துக்குப் போகமுன் பெரியவர்கள் நாலுபேர் பேசிப் பார்க்கட்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்தன்று மாமி சொன்ன ஒரு சொல்லில் தொடங்கி, போன பெருநாளைக்கு வாங்கித் தராத சாரி வரை வரிசையாக எடுத்துப் போட்டுக் குமுறுகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருக்கும். அந்த மனிதரிடம் கேட்பதற்கு அவளுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. எதைக் கேட்டாலும் "அவர்ர விருப்பம் சேர்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவளைக் கண்டால்தான் பயம் பிடிக்கும். அப்படிப்பட்டவள் மிகவும் மரியாதையாகவும் நடந்துகொள்வாள்.

அல்லாஹ்வோடு மனிதனுக்கு உள்ள உறவும் ஏறக்குறைய இப்படித்தான் என்று நான் சொன்னால் என் வயதுக்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு இதைக் கற்றுத் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதீனாவில் வாழ்ந்த ஸஹாபிப் பெண்மணி. மற்றவர் லண்டனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலத் திருச்சபையின் குருவாக மறைந்த ஒரு கவிஞர். இருவரையும் ஒரே பாயில் உட்காரவைப்பது சரியா என்று கேட்பவர்களுக்கு, பாய் என்னுடையது என்பதுதான் பதில்.

அந்தப் பெண்மணி கவ்லா பின்த் ஸஃலபா (ரழி). கணவர் அவ்ஸ் இப்னு ஸாமித் வயதானவர். ஒருநாள் கோபத்தில் மனைவியைத் தன் தாயின் முதுகோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். ழிஹார் என்ற அந்தப் பழைய அரபு வழக்கில், அந்த ஒரு வார்த்தையோடு பெண் மனைவியாகவும் இல்லாமல், விடுபட்டவளாகவும் இல்லாமல் நடுவில் நின்றுவிடுவாள். கவ்லா நேரே நபி (ஸல்) அவர்களிடம் போனார். இளமையை எல்லாம் இந்த மனிதருக்குக் கொடுத்ததையும், பிள்ளைகளைப் பெற்றதையும், இப்போது அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்பதையும் சொல்லி வாதாடினார் என்று அறிவிப்புகள் சொல்கின்றன. சாதகமான விடை உடனே கிடைக்கவில்லை. அப்போதும் அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே நின்று, இந்தமுறை அல்லாஹ்விடம் முறையிட்டார். அதே அறையின் ஒரு பக்கத்தில் இருந்த ஆயிஷா (ரழி) அவர்களுக்கே சில சொற்கள் சரியாகக் கேட்கவில்லையாம். கேட்கவேண்டியவனுக்குக் கேட்டது. குர்ஆனின் 58ஆம் சூறா அவருடைய வழக்கோடுதான் தொடங்குகிறது. அதன் பெயரே அல்முஜாதிலா, தர்க்கித்தவள். அந்த வார்த்தையைச் சொன்ன கணவன்மார் மனைவியிடம் திரும்புவதற்குப் பரிகாரம் விதிக்கப்பட்டது: ஓர் அடிமையை விடுதலை செய்வது, முடியாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு பிடிப்பது, அதுவும் முடியாதவர் 60 ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது. பிற்காலத்தில் கலீபா உமர் (ரழி) அவர்களை இந்தப் பெண்மணி தெருவில் மறித்து வைத்துப் பேசியபோது, உடன் வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் செவிசாய்த்த பெண்ணின் பேச்சை நான் கேட்காமல் போவதா என்ற கருத்தில் உமர் பதில் சொன்னார் என்பதும் அறிவிப்பு.

எங்கள் பள்ளிவாசல்களில் இந்தச் சூறாவை ஓதாத நாக்கு இல்லை. அதில் வருகிற பெண் என்ன செய்தாள் என்பதை யோசிக்கிற மனந்தான் குறைவு. அவள் விரும்பியது தன் கணவனை. அவனோடு மீண்டும் வாழ்வதற்காகத்தான் அத்தனை வாதமும். ஒரு வீட்டுப் பிரியமும் ஒரு பெரிய ஈமானும் ஒரே வாயால் பேசிய இடம் அது.

இனி அந்த லண்டன்காரர். ஜோன் டன், பிறப்பு 1572. கத்தோலிக்கராக இருப்பதே ஆபத்தாக இருந்த இங்கிலாந்தில் கத்தோலிக்கராகப் பிறந்தவர். தம்பி ஹென்றி ஒரு பாதிரியாரை ஒளித்துவைத்த குற்றத்துக்காகப் பிடிபட்டு, 1593இல் நியூகேட் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்தார். பிறந்த மார்க்கத்துக்கும் பிழைக்கவேண்டிய நாட்டுக்கும் இடையில் அகப்பட்ட மனிதன் எப்படி உறங்குவான் என்பது கிழக்கு மாகாணத்தில் 1980களுக்குப் பின் வாழ்ந்த எவருக்கும் ஓரளவு விளங்கும். டன் மெல்ல மெல்ல அரச திருச்சபையின் பக்கம் வந்தார். அது நம்பிக்கையா, தப்பிக்கும் வழியா என்று ஆய்வாளர்கள் இன்றும் அடிபடுகிறார்கள். அவருக்கே அந்தக் கேள்வி இருந்தது என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் கடவுளோடு அப்படி மல்லுக்கட்டியிருக்க மாட்டார்.

இளமையில் எழுதியது முழுக்கக் காதல் கவிதை. காதலர் கிடக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்ததற்காக விடிகாலைச் சூரியனையே ஏசுகிற கவிதை ஒன்று உண்டு. தன்னையும் காதலியையும் கடித்த தெள்ளுப்பூச்சியைச் சாட்சிக்கு இழுத்து அவளை மசியவைக்கப் பார்க்கும் கவிதை இன்னொன்று. பெண்பிள்ளைகள் இருந்த வகுப்பில் நான் அந்தத் தெள்ளுப்பூச்சியை அவசரமாகத் தாண்டிப் போய்விடுவேன். பின்வாங்கில் இருந்த ஒருத்தி, "சேர், ஒரு பக்கத்த விட்டுட்டிங்க" என்று ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். அவள் வீட்டில் முழுவதையும் வாசித்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

டன் தான் வேலை செய்த பெரிய அதிகாரி சேர் தோமஸ் எகர்ட்டனின் மனைவி வழி மருமகளான ஆன் மோரை 1601 டிசம்பரில் இரகசியமாகத் திருமணம் செய்தார். பெண்ணுக்குப் பதினேழு வயதளவு. தகப்பனுக்கு விஷயம் தெரிந்ததும் டன்னுக்கு வேலை போயிற்று, சிறைவாசம் வந்தது. 1602இல் திருமணம் செல்லும் என்று தீர்ப்பானது. செல்லுபடியான திருமணத்தோடு செல்லாக்காசான வாழ்க்கை பின்தொடர்ந்தது. சொந்தக்காரர் வீடுகளிலும் சிறிய வாடகை வீட்டிலுமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளோடு, பத்துப் பதினைந்து வருடம் வேலை தேடி அலைந்தார். ஓடிப்போய்க் கலியாணம் முடித்தவர்களை நம் ஊரில் என்ன பேசுவோமோ அதையெல்லாம் அங்கும் பேசினார்கள்.

1611இல் ஒரு பிரபுவோடு பிரான்சுக்குப் போகவேண்டி வந்தது. ஆன் கர்ப்பிணி. போகவேண்டாம் என்று தடுத்தார். அந்தப் பிரிவின்போதுதான் கவராயத்தைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையை மனைவிக்கு எழுதினார் என்று ஐசக் வால்டன் என்ற அக்காலத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர் எழுதிவைத்தார். கணிதப் பெட்டியில் கிடக்கும் கவராயத்தில் ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கும், மற்றது சுற்றி அலையும். அலையும் கால் தூரப் போகப்போக, நின்ற கால் அதன் பக்கம் சாயும். அது வீடு திரும்பும்போது இதுவும் நிமிரும். இந்த நின்ற கால்தான் மனைவி. டன் பரிசில் இருக்கும்போதே ஆன் இறந்த குழந்தையைப் பெற்றார். தலைமயிர் தோளில் விரிந்து கிடக்க, இறந்த பிள்ளையைக் கையில் ஏந்தி மனைவி தன் அறையைக் கடந்துபோனதை டன் விழித்திருந்தபடியே கண்டார் என்றும் வால்டன் சொல்கிறார். கதை உண்மையோ கட்டோ, கட்டாரிலும் சவூதியிலும் இருந்துகொண்டு 'இமோ'வில் பிள்ளையின் காய்ச்சலைப் பார்க்கிற எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் பாதியையாவது நம்புவார்கள்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு படித்த பெண் என்னோடு இந்தக் கவிதை விஷயத்தில் மோதினாள். ஆண் சுற்றித் திரிவான், பெண் ஒரே இடத்தில் நிற்கவேண்டும், இதிலென்ன அழகு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் கரையோரத்தில் நின்ற காலுக்கு வேறொரு கனம் உண்டு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் வீடு பெண்ணுக்குரியது. தாயும் தகப்பனும் மகளுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியாகவே எண்ணப்படும். கோபித்துக்கொண்டு வெளியே போகிற ஆணுக்குப் போக இடம் உம்மாவின் வீடு, அதுவும் ஏதோ ஒரு ராத்தாவின் வீடாக ஆகியிருக்கும். இங்கே நின்ற கால் நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்கிற கால். டன் இதை அறிந்திருந்தால் கவிதை இன்னும் கொஞ்சம் பணிவாக வந்திருக்கும்.

கவராயத்தை நான் எங்கள் கடற்கரைப்பள்ளியிலும் பார்க்கிறேன். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். டன் பிறந்த அதே பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து மறைந்தவர். கல்முனைக் கடற்கரையில் அவர் நினைவாக எழுந்த தர்காவில் அவருடைய உடல் கிடையாது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றி, பன்னிரண்டு நாள் மௌலூது ஓதி, கந்தூரிச் சோறு கொடுக்கிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் இப்படி நினைவிடங்கள் உண்டு. கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள் போன இடமெல்லாம் ஒரு வட்டம் கீறியிருக்கிறார்கள், ஊன்றிய முனை நாகூரில். கொடியேற்றம் மார்க்கத்தில் சேருமா சேராதா என்ற வழக்கு என் இளமையில் இருந்ததைவிட இப்போது சூடாக நடக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு இல்ம் போதாது. இல்லாதவர்மேல் வைக்கிற பிரியம் ஓர் ஊரையே பன்னிரண்டு நாள் கடற்கரைக்கு இழுத்துவரும் என்பதை மட்டும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

டன் 1615இல் குருவானார். 1617 ஆகஸ்டில் ஆன் பன்னிரண்டாவது பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் இறந்தே பிறந்தது. அவருக்கு முப்பத்து மூன்று வயது. டன் பிறகு மணமுடிக்கவில்லை. 1621இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாகி, மன்னரே வந்து பிரசங்கம் கேட்கும் நிலைக்கு உயர்ந்தார். மனைவி ஆன் பற்றி அவர் எழுதிய பதினாலடிக் கவிதையில் நான் அடிக்கடி போய் நிற்பேன். அவளை நேசித்ததால்தான் கடவுளைத் தேடக் கற்றேன், ஆற்றைப் பார்த்து ஊற்றைத் தேடுவதுபோல, என்ற அளவில் தொடங்குகிறது. பக்திமான்கள் அதோடு நிறுத்தியிருப்பார்கள். டன் நிறுத்தவில்லை. கடவுளைக் கண்டுகொண்ட பிறகும் தன் தாகம் தீரவில்லை என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்கிறார். தன் அன்பு வேறெங்கும் சிந்திவிடுமோ என்று பயப்படுகிற பொறாமைக்காரக் காதலனாகக் கடவுளைக் காட்டுகிறார். இன்னொரு கவிதையில், தான் எதிரிக்குப் பேசி முடிக்கப்பட்ட பெண் என்றும், அந்த நிச்சயத்தை அறுத்துத் தன்னைப் பலவந்தமாகவே மீட்டுக்கொள்ளும்படியும் இறைவனைக் கேட்கிறார். காதி நீதிமன்ற வாசலில் கேட்கிற சொற்கள்.

மேலே சூரியனை ஏசிய அதே வாய்தான் இது. வால்டன் முதலானோர் இளமையின் காமக் கவிஞரையும் முதுமையின் பக்திக் குருவையும் இரண்டு ஆட்களாகப் பிரித்துக் காட்டினார்கள். பாவம் செய்தவன் திருந்தினான் என்ற கதை எல்லா மதத்திலும் நன்றாக விலைபோகும். எனக்கு அதில் சம்மதமில்லை. மனைவியோடு வாதாடிப் பழகிய நாக்கு அந்தப் பழக்கத்தோடேயே கடவுளிடம் போயிற்று. பதினாறு வருடம் ஒரு பெண்ணிடம் மனதைத் திறந்து பேசியிராவிட்டால், அந்தத் துஆக்களில் பாதி அவருக்கு வாயில் வந்திராது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் டன்னும் அவரைப்போல எழுதியவர்களும் அடங்கிய கூட்டத்துக்கு மெட்டாபிசிக்கல் கவிஞர்கள் என்று பெயர் வைத்தது பாராட்டாக அல்ல. பொருந்தாதவற்றை இழுத்துக் கட்டுகிறார்கள் என்பது அவர் குறை. பிறகு நீண்டகாலம் இவர்களைப் பெரிதாக யாரும் வாசிக்கவில்லை. 1921இல் கிரியர்சன் ஒரு தொகுப்பு வெளியிட, அதற்கு மதிப்புரையாக டி. எஸ். எலியட் எழுதிய கட்டுரைதான் திரும்ப மேடையேற்றியது. நம்மாழ்வாரைத் தெரிந்த தமிழனுக்கு ஜோன்சனின் குறை வேடிக்கையாக இருக்கும். காதல் மொழியில் கடவுளைப் பேசுவது இங்கே ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வழக்கம்.

முஸ்லிம்களுக்கும் அது புதிதல்ல. இப்னு அரபி மக்காவில் சந்தித்த நிழாம் என்ற அறிவாளிப் பெண்ணை முன்வைத்து எழுதிய காதல் கவிதைகளை அலெப்போவின் மார்க்க அறிஞர் சிலர் சந்தேகித்தபோது, ஒவ்வோர் அடிக்கும் ஞானப் பொருள் சொல்லி அவரே உரை எழுதினார். 1215ஆம் ஆண்டளவில் நடந்தது. உரை ஆழமானது. ஆனாலும் அந்தப் பெண் இல்லாமல் அந்த நூல் பிறந்திராது என்பதை அவரே மறைக்கவில்லை. தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகே பிறந்து, சென்னைத் தண்டையார்பேட்டையில் 1838இல் மறைந்த காதிரிய்யா பக்கீர். மாமன் மகளை மணமுடித்துவைக்க முயன்றபோது வீட்டைவிட்டுப் போனவர் என்று சொல்லப்படுகிறது. கலியாணத்துக்கு ஓடியவர் டன், கலியாணத்திலிருந்து ஓடியவர் மஸ்தான். ஓடிப்போன இவர்தான் மனோன்மணிக் கண்ணியில் இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக்கி, எப்போது வருவாய், எத்தனை நாள் காக்கவைப்பாய் என்று அடிக்கு அடி கெஞ்சியும் ஊடியும் பாடுகிறார். சைவ, சித்த மரபிலிருந்து எடுத்த பெயர் அது. சைவப் புலவர்களே அவர்மேல் பாமாலை சூட்டினார்கள். ரபானைத் தட்டிக்கொண்டு நோன்புகாலத்தில் வீடு வீடாக வருகிற பக்கீர் பாவாக்களின் வாயிலாக மஸ்தானின் பாடல்கள் எங்கள் ஒழுங்கைகளுக்கும் வந்தன. அந்தப் பாட்டுக்களை நான் நூலில் படிக்கமுன் காதால் அறிந்தேன்.

ஆனால் எங்கள் மண்ணின் சொந்தச் சரக்கு வேறு. வட்டைக்குள் பரண்மேல் குந்தி இரவில் பன்றிக்குக் காவல் இருந்த ஆண்களும், கதிர் அறுக்கவும் நெல் குற்றவும் போன பெண்களும் பாடிய கவி. நாலடிக்குள் ஒரு குடும்பச் சண்டையே முடிந்துவிடும். மச்சான் வரவில்லை என்று மச்சி ஏசுவாள், அவன் அல்லாஹ்வைச் சாட்சி வைப்பான், அவள் அந்தச் சாட்சியையும் நம்பமாட்டாள், பள்ளிக்கு நேர்ச்சை வைப்பாள். எழுத்துத் தெரியாத பெண்கள் இயற்றியவை ஏராளம். நேரில் வாய்திறந்து சொல்லமுடியாததைப் பாட்டில் சொல்ல ஊர் அனுமதித்திருந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம் நாட்டார் பாடல்களை நூலாகத் திரட்டினார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் கிழக்கின் நாட்டார் காதல் பாடல்களை 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் 2013இல் தொகுத்தார். அனாரின் சொந்தக் கவிதைகளில், பெயர் தெரியாத அந்த மூத்தம்மாக்களின் துணிச்சல் பெயரோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த நூல்களை எங்கள் பெண்பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தயங்குகிற வாப்பாமாரைப் பார்க்கிறேன். காதல் என்ற சொல் அட்டையில் இருப்பது அவர்களுக்குச் சங்கடம். சூறா றூமில் கணவன் மனைவிக்கிடையே அன்பையும் இரக்கத்தையும் உண்டாக்கியதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணுகிறானே, அந்த வரிசையில் வானங்களும் பூமியும் இரவும் பகலும் மழையும் அல்லவா கூட நிற்கின்றன?

டன்னோடு சேர்த்து ஜோர்ஜ் ஹேர்பர்ட்டையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் சண்டைக்குப் பிறகு வருகிற ஆள். ஹேர்பர்ட்டின் தாயார் டன்னின் நண்பர், அவருடைய மரணப் பிரசங்கத்தைச் செய்தவரும் டன்தான். கேம்பிரிட்ஜில் பெரிய பதவியில் இருந்த ஹேர்பர்ட் கடைசி மூன்று வருடம் பெமர்ட்டன் என்ற சிறு கிராமத்துக் கோவிலில் குருவாக இருந்து, 1633இல் நாற்பது வயது நிரம்பமுன் காச நோயால் இறந்தார். சாகும்போது தன் கவிதைக் கையெழுத்துப் படியை நிக்கலஸ் ஃபெரார் என்ற நண்பருக்கு அனுப்பி, பிரயோசனம் இருந்தால் அச்சிடு, இல்லாவிட்டால் எரித்துவிடு என்று சொல்லியனுப்பினாராம். ஒரு கவிதையில் மேசையில் அடித்து, இனி இந்த ஊழியம் வேண்டாம், நான் போகிறேன் என்று கத்துகிறார். கத்தக் கத்த, பிள்ளையைக் கூப்பிடுவதுபோல ஒரு குரல் கேட்கிறது. அடங்கிவிடுகிறார். இன்னொன்றில் அன்பே வீட்டுக்காரராக வாசலில் நின்று விருந்தாளியை அழைக்கிறது. விருந்தாளி தனக்குத் தகுதியில்லை என்று பின்வாங்குகிறார். எங்கள் வீடுகளில் சஹனைச் சுற்றி உட்காரக் கூப்பிட்டால் "இப்பதான் திண்டுட்டு வந்த" என்று பொய் சொல்லுவோமே, அதே ரகம். வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்காரவைக்கும்வரை விடுவதில்லை. விருந்தாளியின் வாதம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியே உட்காரவைக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்த ஹேர்பர்ட் எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு ஒரு சுற்றுவழியாக வந்தார் என்று நினைப்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. வெஸ்லி சகோதரர்கள் ஹேர்பர்ட்டின் கவிதைகள் பலவற்றைப் பாடத்தக்க கீதங்களாக மாற்றி 1739இல் வெளியிட்டார்கள். அவர்கள் தொடக்கிய மெதடிஸ்த சபை கல்முனையில் ஆங்கிலம் படிப்பித்தது. வெஸ்லியின் பெயர் இன்றும் கல்முனையில் ஒரு பாடசாலைக்கு உண்டு. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனை மெதடிஸ்த பாடசாலைக்குப் படிக்க வந்தான். அவர்தான் விபுலாநந்த அடிகள். சேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதினார், ஆங்கிலக் கவிகளைத் தமிழருக்கு 'ஆங்கிலவாணி' என்று அறிமுகப்படுத்தினார். இறைவனுக்குப் பிடித்த மலர் எது என்று கேட்டு, செடியில் பூக்கும் மலர்களையெல்லாம் தள்ளிவைத்து உள்ளத்தை மலராக்கிய அவருடைய பாட்டைக் கல்முனை முஸ்லிம் பிள்ளைகளும் பாடமாக்கினோம். அடிகளின் பக்தி அமைதியானது, ஹேர்பர்ட்டுக்குக் கிட்ட வரும். டன்னின் அமளி அதில் இல்லை.

அமளி எங்கே தேவைப்படும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமி காட்டியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கடற்கரை ஓரங்கள் ஞாயிறு காலையில் இல்லாமல் போயின. அடுத்த வாரங்களில் பல பக்கங்களிலிருந்தும் பலர் வந்து, இது பாவத்துக்குத் தண்டனை என்று பயான் செய்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு பெண் எங்கள் முகாமில் இருந்தாள். தொழுகைப் பாயை விரித்து, சலாம் கொடுத்த கையோடு அல்லாஹ்வை நோக்கிச் சத்தமாகக் கேள்வி கேட்பாள். எந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று பெயர் சொல்லிக் கேட்பாள். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்தச் சொன்னார்கள். அவள் ஒரு வக்து தொழுகையையும் விடவில்லை, ஒரு நாளும் கேள்வியையும் விடவில்லை. அதே முகாமில் ஒன்றுமே கேட்காமல், எல்லாம் நாட்டப்படி என்று தலையாட்டிய ஒரு மனிதர் மெல்ல மெல்லப் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். அவரைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் இருவரில் யாருக்கு உறவு மிச்சமிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை என் பழைய மாணவரான ஒரு மௌலவியிடம் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. நல்ல பிள்ளை, படித்தவர். "சேர், அது ஸப்று இல்லையே" என்றார். அவருக்கு நான் யஃகூப் நபி (அலை) அவர்களைக் காட்டினேன். யூஸுபை இழந்த அன்று அழகிய பொறுமையைக் கடைப்பிடிப்பதாகச் சொன்னவர் அவர்தான். பிறகு அழுதழுது கண் வெளுத்துப் போனவரும் அவர்தான். தன் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம் முறையிடுவதாகப் பிள்ளைகளிடம் சொன்னவரும் அவர்தான். மூன்றும் ஒரே சூறாவில், ஒரே மனிதரிடம். மௌலவி கொஞ்சநேரம் யோசித்தார். அல்லாஹ்விடம் முறையிடுவது வேறு, அல்லாஹ்வைப் பற்றியே முறையிடுவது வேறு என்றார். கூரான பதில். அந்தக் கோட்டை எங்கே கீறுவது என்று கேட்டேன். அந்தப் பெண் பாயிலிருந்து எழுந்துபோகாமல் கேட்டாளே, அது கோட்டுக்கு எந்தப் பக்கம்? அதற்கு அவர் கொடியேற்றத்தை இழுத்தார், கப்றில் போய்க் கேட்பதும் முறையீடுதானா என்று. நான் கவ்லாவுக்குத் திரும்பினேன். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை போயிற்று.

வழக்கு தீரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறார், தஃப்ஸீர் ஒன்றையும் கொண்டுவருவாராம். டன் கடும் காய்ச்சலில் கிடந்தபோது கடவுளோடு பேசி எழுதி 1624இல் அச்சிட்ட உரைநடை நூலை நான் அலுமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினால் அவருக்குக் கோபம் வரும் என்றும் தெரியும்.